தோல் வழியே நுழையும் நஞ்சு

மருந்தடிக்கப் போகிறவர்கள் முதலில் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்கிறார்கள். பம்பு ஒழுகி முதுகும் இடுப்பும் நனைந்தால் மட்டும், வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் நஞ்சு வரும் வழி இதற்கு நேர்மாறானது. வாய் வழியாகப் போகும் நஞ்சு ஒரே நாளில் ஆளைக் கொல்லலாம், ஆனால் அது அபூர்வம். நாள் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் போவதில் பெரும்பங்கு தோல் வழியாகத்தான் போகிறது. இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் முறைகளில் பெரும்பாலானவை தோலைக் காப்பதற்கானவை. மருந்தடிப்பவர், மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்), மருந்து ஸ்டோரைக் கவனிப்பவர், வீட்டில் துணி துவைப்பவர் என நால்வருமே இதைப் படிக்க வேண்டும்.

கேமரன் மலையில் என்ன வேறுபாடு

சமவெளிச் செம்பனைத் தோட்டத்துக்கு எழுதிய விதிகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஹாபு, சுங்கை பாலாஸ், ரிங்லெட், புளூ வேலி எங்கும் தேயிலை செங்குத்தான சரிவில் நிற்கிறது. மேல் நிரையில் அடிக்கும் மருந்து கீழ் நிரையில் நிற்பவரின் முகத்துக்கு நேராக வரும். ஈரச் சரிவில் கால் வழுக்கினால் முதுகிலிருக்கும் பம்பு தலைக்கு மேல் கவிழும். மழை எப்போது வேண்டுமானாலும் வரலாம். கழுவப்படும் மருந்து நேரே ஓடைக்குப் போகும், அந்த ஓடைத் தண்ணீரைக் கீழே வாழ்பவர்களும் பயன்படுத்துகிறார்கள்.

குளிர் ஒரு நன்மையும் தருகிறது, ஒரு தீமையும் தருகிறது. சமவெளியில் ரப்பர் கையுறையும் முழுக்கை மேலாடையும் போட்டால் வெக்கையில் மூச்சு முட்டுகிறது என்பார்கள். அந்தக் காரணம் இங்கே செல்லாது. ஆனால் குளிருக்காகப் போடும் கம்பளிச் சட்டை மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மூடுபனியில் துணி எளிதில் காயாது என்பதால் நேற்றைய சட்டையையே இன்றும் போடுகிறார்கள். நேற்றைய மருந்து இன்றைக்கும் தோலில் ஒட்டியபடி இருக்கும். இந்த மலையில் மருந்தடிப்பவருக்குக் குறைந்தது மூன்று மாற்று உடுப்பாவது வேண்டும்.

எந்த மருந்து என்ன செய்யும்

பாராகுவாட். 1960களிலிருந்து மலேசியத் தோட்டங்களில் புல்லுக்கு அடிக்கப்பட்ட மருந்து. இது உடம்புக்குள் போனால் நுரையீரலைத் தேடிப் போய்ச் சேரும், அங்கே திசுக்களைத் தழும்பாக்கிவிடும். முறிமருந்து கிடையாது. தண்ணீர் கலக்காத பாராகுவாட் நகத்தில் பட்டால் வெள்ளைக் கோடு விழும், சில நேரம் நகமே கழன்றுவிடும். தெளிப்பின் நுண்துளி மூக்கில் பட்டால் இரத்தம் வரும். விரிசல் விட்ட தோலில் அல்லது புண்ணில் பட்டுத் துடைக்காமல் விட்டதால் மாண்டவர்களும் உண்டு.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் பாராகுவாட் தெளித்தவர்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 1993-ல் வெளியானது. அவர்களின் நுரையீரல் அளவுகளில் மற்றத் தொழிலாளர்களிடமிருந்து பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதைப் படித்து மருந்து பாதுகாப்பானது என்று முடிவுகட்டக் கூடாது. சரியாக நீர்த்த கலவையை, காயமில்லாத தோலுடன், ஒழுகாத பம்பில் அடித்தால் ஆபத்து குறையும் என்பதுதான் பாடம். ஒழுகும் பம்பும் கையுறை இல்லாத கையும்தான் தோட்டங்களில் வழக்கமாக இருந்தன.

அந்த வழக்கத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர்கள் தோட்டப் பெண்கள். ஐரீன் பெர்னாண்டஸ் 1991-ல் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு, மருந்தடித்த தமிழ்ப் பெண்களிடம் பேசித் திரட்டிய ஆய்வை 2002-ல் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்புடன் சேர்ந்து வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மலேசியா பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. 2006-ல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1-ல்தான் வந்தது. உங்கள் ஸ்டோரின் மூலையில் பழைய நீலப்பச்சைத் திரவம் உள்ள கேன் இருந்தால் அதைத் தொடாமல் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். 'கொஞ்சம்தானே இருக்கிறது, தீர்த்துவிடுவோம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கிளைபோசேட். தாவரத்தில் உள்ள, மனிதருக்கு இல்லாத ஒரு நொதியை முடக்கிப் புல்லைக் கொல்கிறது. உடனடி நச்சுத்தன்மை குறைவு. ஆனால் போத்தலில் கிளைபோசேட் மட்டும் இல்லை. இலையில் ஒட்டிப் பரவ உதவும் சோப்பு போன்ற பொருளும் கலந்திருக்கிறது. கண்ணையும் தோலையும் எரிப்பது பெரும்பாலும் அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 2015-ல் கிளைபோசேட்டை 'மனிதர்களுக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. பல நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் இதை ஏற்கவில்லை. விவாதம் எப்படி முடிந்தாலும், தோலில் படாமல் வேலை செய்பவருக்கு இழப்பு ஒன்றுமில்லை.

குளுபோசினேட். பாராகுவாட் போன பிறகு பல இடங்களில் அதன் இடத்துக்கு வந்தது. இதில் ஏமாற்றும் குணம் ஒன்று உண்டு. இதைக் குடித்துவிட்டவர் முதல் சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். பிறகு, சில நேரம் மறுநாள்கூட, வலிப்பு வரும், மூச்சு நிற்கும், நினைவு தப்பும். 'நல்லாத்தான் இருக்கிறார்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. மருத்துவமனையில் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள். நரம்புக்குத் தகவல் கடத்தும் பொருளை உடைக்கும் கோலினெஸ்டரேஸ் நொதியை இவை முடக்குகின்றன. வியர்வை கொட்டும், எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு திணறும். இந்த வகை மருந்துக்கு அட்ரோபின் என்ற முறிமருந்து உண்டு. வேலை தொடங்கும் முன் ஒரு முறையும், பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்த்தால் நஞ்சு சேர்வதை முன்கூட்டியே அறியலாம். இந்த வகையைச் சேர்ந்த குளோர்பைரிபாஸ் 2023 மே 1 முதல் மலேசிய விவசாயத்தில் தடை செய்யப்பட்டுள்ளது.

லேபிளின் அடியில் உள்ள வண்ணப்பட்டையைப் பார்க்கப் பழகுங்கள். கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் வெள்ளை. இந்த வரிசை உடனடி நஞ்சைத்தான் காட்டும், பல ஆண்டுகளில் என்ன செய்யும் என்பதைக் காட்டாது. வெள்ளைப் பட்டை என்பதற்காகக் கையுறையைக் கழற்றிவிடக் கூடாது.

உடம்பின் எந்த இடம் அதிகம் உறிஞ்சும்

அமெரிக்காவில் 1971-ல் மேபாக் என்ற தோல் மருத்துவரின் குழு, பாராத்தியான் என்ற பூச்சிமருந்தின் மிகச் சிறிய அளவைத் தன்னார்வலர்களின் உடலில் வெவ்வேறு இடங்களில் தடவி எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தது. முன்கையில் சுமார் 9 விழுக்காடு, உள்ளங்கையில் 12, வயிற்றில் 18, புறங்கையில் 21, தலைத்தோலில் 32, நெற்றியில் 36, அக்குளில் 64. ஆணின் விதைப்பையில் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போனது.

இந்த எண்களை மருந்தடிக்கும் வேலையோடு பொருத்திப் பாருங்கள். பம்பின் மூடியும் குழாய் இணைப்பும் ஒழுகினால் மருந்து முதுகில் இறங்கி இடுப்பைத் தாண்டித் தொடையிடுக்கில் போய்த் தேங்குகிறது. மருந்து படிந்த கையுறையால் வியர்வை துடைத்தால் நெற்றியில் ஏறுகிறது. கையுறையைக் கழற்றாமல் சிறுநீர் கழிக்கப் போவது இன்னும் மோசம். உள்ளங்கையைவிட ஆபத்தான இடங்களைப் பாதுகாப்பின்றி விட்டுவிட்டு உள்ளங்கையை மட்டும் காப்பது பாதி வேலைதான். சிறுநீர் கழிக்கும் முன்பும் கை கழுவுங்கள்.

கலக்கும் நேரமே ஆபத்து அதிகம்

லிட்டருக்கு 360 கிராம் கிளைபோசேட் உள்ள போத்தலிலிருந்து 100 மில்லி எடுத்து 16 லிட்டர் பம்பில் கலப்பதாக வைத்துக்கொள்வோம். பம்பில் லிட்டருக்கு 2.25 கிராம்தான் இருக்கும். போத்தலில் இருப்பது அதைப்போல 160 மடங்கு. பம்பிலிருந்து நாள் முழுவதும் தெறிப்பதைவிட, போத்தலிலிருந்து ஒரு முறை தெறிக்கும் சொட்டு அதிக நஞ்சைத் தரலாம். அதனால்:

• கலப்பவர் முழு நீள நைட்ரைல் கையுறை, ரப்பர் ஏப்ரன், முகக்கவசம், பூட்ஸ் நான்கையும் போட வேண்டும். தோல் கையுறையும் பருத்திக் கையுறையும் மருந்தை உறிஞ்சிக் கைக்கே தரும்.
• கையுறையில் தண்ணீர் நிரப்பிப் பிழியுங்கள். ஒரு சொட்டு ஒழுகினாலும் தூக்கிப் போடுங்கள்.
• பம்பில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு மருந்து, பிறகு மீதித் தண்ணீர். மருந்தை முதலில் ஊற்றினால் தண்ணீர் தெறித்து மேலே வரும்.
• அளவுக்குவளையைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்க்காதீர்கள். தரையில் வைத்துக் குனிந்து பாருங்கள்.
• காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி நில்லுங்கள்.
• ஓடை, கிணறு, வீடுகளிலிருந்து விலகிய இடத்தில் கலக்குங்கள். அங்கே சோப்பும் ஓடும் தண்ணீரும் இருக்க வேண்டும்.
• மருந்தைத் தண்ணீர் போத்தலிலோ குளிர்பானப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தோட்டங்களில் குழந்தைகளும் பெரியவர்களும் தவறிக் குடித்து இறப்பதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம்.

நிரையில் அடிக்கும்போது

புல்லுக்கு மருந்தடிக்கும்போது கை கீழ்நோக்கி இருக்கும். அப்போது சட்டைக் கையைக் கையுறைக்கு வெளியே விட வேண்டும். கால்சட்டையையும் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் வழியும் மருந்து பூட்ஸில் சேர்ந்து மாலை வரை காலை ஊறவைக்கும்.

சரிவில் மேலும் கீழும் நடக்காமல் சமமட்டமாக நிரையோடு நடங்கள். கீழ் நிரையில் யாரும் நிற்காதபடி மண்டோர் ஆட்களைப் பிரித்து நிறுத்த வேண்டும். ஏற்கெனவே அடித்த ஈரப் புல்லுக்குள் நடக்காமல், அடித்த இடத்தை விட்டு விலகிப் போகும் திசையில் வேலையை அமைத்தால் கால் நனைவது வெகுவாகக் குறையும். காலை மூடுபனியில் காற்று அசையாதிருப்பது நல்ல நேரம் போலத் தோன்றும். ஆனால் இலை நனைந்திருந்தால் மருந்து வழிந்து வீணாகும். இலை காய்ந்த பிறகு, மழைக்கு முன் லேபிளில் சொன்ன மணி நேரம் கிடைக்கும்போது அடியுங்கள்.

நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். பழைய பல் துலக்கியை ஒரு நூலில் கட்டிப் பம்போடு வைத்திருங்கள். வெற்றிலை, சிகரெட், ரொட்டி எதுவும் நிரைக்குள் வேண்டாம். துணி முகமூடி நனைந்துவிட்டால் அது காப்பாக இருக்காது, மருந்தை மூக்கோடு சேர்த்து வைத்திருக்கும். மாற்று முகமூடி கையில் இருக்க வேண்டும்.

வேலை முடிந்த பின்

கையுறையைக் கழற்றும் முன் கையுறையோடு சேர்த்துக் கையைச் சோப்பால் கழுவுங்கள். பிறகு பூட்ஸ், ஏப்ரன், கடைசியாகக் கையுறை. நிர்வாகம் குளியலறை வைத்திருந்தால் அங்கேயே குளித்து மாற்றுடுப்புக்கு மாறுங்கள். மருந்துத் துணியோடு பஸ்ஸில் ஏறி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பேரனைத் தூக்கக் கூடாது.

துணியைத் தனி வாளியில், கையுறை போட்டு, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். துவைக்கும் தண்ணீரை அரிசி கழுவும் இடத்திலும் கீரைப் பாத்தியிலும் ஊற்றக் கூடாது. காலிக் கேனை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றிவிட்டு, கேனின் அடியில் துளை போடுங்கள். துளை போட்ட கேனில் யாரும் தண்ணீர் பிடிக்க மாட்டார்கள்.

விபத்து நேர்ந்தால்

1. தோலில் பட்டால் நனைந்த உடுப்பை உடனே கழற்றிவிட்டுச் சோப்பும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுங்கள். வெட்கப்பட்டு வீடு வரும்வரை காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.
2. கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிய பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.
3. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். வாயைக் கழுவச் சொல்லி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.
4. மயங்கியவரைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். தூக்குபவரும் கையுறை போட வேண்டும்.
5. போத்தலையோ அதன் லேபிளின் படத்தையோ கையோடு கொண்டு போங்கள். மருந்தின் பெயர் தெரியாமல் மருத்துவரால் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியாது. பாராகுவாட் என்ற சந்தேகம் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். அந்த நஞ்சில் தேவையில்லாமல் ஆக்சிஜன் கொடுப்பது நுரையீரல் சேதத்தைக் கூட்டும்.

கேமரன் மலையில் அருகிலுள்ள அரசு மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கும் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை. அவசர அழைப்பு எண் 999. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. இரண்டு எண்களையும் ஸ்டோர் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.

மருந்து ஸ்டோருக்கு வெளியே: பசையும் தரைப்பூச்சும்

தொழிற்சாலையிலும் ஒர்க்‌ஷாப்பிலும் வேலை செய்பவர்கள் மருந்தடிக்காவிட்டாலும் ரசாயனத்துக்குத் தப்பவில்லை. உடனடியாக ஒட்டும் பசை, இரண்டு டியூப்களைக் கலந்து ஒட்டும் சில பசைகள், சில தரைப்பூச்சுகள் ஆகியவற்றில் அக்ரிலேட் வகை ரசாயனங்கள் இருக்கின்றன. இவை கெட்டியாகிவிட்ட பிறகு பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. நாற்றுமேடையில் ஈரம் தேக்கப் போடும் பாலிஅக்ரிலேட் படிகங்களும் அப்படித்தான். திரவமாக இருக்கும்போதுதான் கவனம் வேண்டும். அப்போது அவை தோலை எரிப்பதோடு ஒவ்வாமையையும் விதைக்கின்றன. ஒரு முறை உடம்பு அக்ரிலேட்டுக்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவிலும் விரல்கள் அரித்து வெடிக்கும், அது வாழ்நாள் முழுவதும் தொடரும்.

மெல்லிய மருத்துவக் கையுறை போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். பல அக்ரிலேட்டுகள் அதைச் சில நிமிடங்களில் ஊடுருவும். கையுறையில் பசை பட்டதும் கழற்றி எறிந்து புதியது போடுங்கள். மெத்தில் அக்ரிலேட், எத்தில் அக்ரிலேட் இரண்டையும் 2019-ல் வெளியான அறிக்கையில் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 2பி பிரிவில், அதாவது 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் உள்ளவை' என்ற வகையில் சேர்த்தது. காற்றோட்டமில்லாத அறையில் இவற்றோடு வேலை செய்யாதீர்கள்.

மருந்தைக் குறைக்கும் வழி

புல் தேயிலையை எப்போது வெல்கிறது என்று பார்த்தால் மருந்தின் தேவை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். செடி நட்ட முதல் சில ஆண்டுகளிலும், கவாத்து செய்த பிறகும் மண் வெயிலுக்குத் திறந்து கிடக்கிறது. அப்போதுதான் புல் ஓங்கும். கொழுந்து மேடை மூடிக்கொண்ட நிரைக்கு அடியில் நிழலில் புல் பெரும்பாலும் தலைதூக்காது. ஆகவே செத்த செடிகளின் இடைவெளியில் உடனே புதுச் செடி நடுங்கள். கவாத்துக் கழியை அள்ளிக்கொண்டு போகாமல் நிரைக்கிடையில் பரப்புங்கள். அது மண்ணையும் மழையிலிருந்து காக்கும். பரந்து கிடக்கும் சாதாரணப் புல்லுக்கு மருந்து வேண்டாம், கையால் பிடுங்கலாம். கொடிகளுக்கும் வேரில் முளைக்கும் பிடிவாதக் களைகளுக்கும் மட்டும் தேர்ந்தெடுத்து அடியுங்கள். முழு நிரைக்கும் அடிப்பதைவிட இதற்கு ஆள் கூலி கூடும், மருந்துச் செலவு குறையும்.

சட்டம் உங்களுக்குத் தருவது

தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-ல் வந்தது. அதன்கீழ் 2000-ல் வந்த ரசாயன விதிமுறைகள், ரசாயனங்களின் பட்டியலை வைத்திருப்பதும், அவற்றின் ஆபத்தை மதிப்பிடுவதும், பயிற்சி தருவதும், தேவையானபோது மருத்துவப் பரிசோதனை ஏற்பாடு செய்வதும் முதலாளியின் கடமை என்கின்றன. தொழில்நலன் மருத்துவர் ஒருவரை மருந்திலிருந்து விலக்கச் சொன்னால் விலக்கியே ஆக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. 2024 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளிக்கு, முதலாளி அந்த ஆபத்தை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள உரிமை உண்டு. வேலையால் வந்த நோய்க்கும் விபத்துக்கும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இழப்பீடு தருகிறது. 2019 முதல் அந்த வேலைக்காயப் பாதுகாப்பு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உண்டு.

நாளைக் காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்தில்) மண்டோரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். இன்றைய மருந்தின் பெயர் என்ன? அதன் பாதுகாப்புத் தாள் யாரிடம் இருக்கிறது? என் பம்பு எப்போது சரிபார்க்கப்பட்டது? சோப்பும் தண்ணீரும் எந்த நிரை முனையில் இருக்கின்றன? கடைசியாக எனக்கு இரத்தப் பரிசோதனை செய்தது எப்போது? பதில் தெரியாத மண்டோரைக் குறை சொல்ல வேண்டாம், அவருக்கும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். பதில் வரும்வரை பம்பைத் தோளில் ஏற்றாதீர்கள். தனியாளாகக் கேட்பது கடினம் என்றால் சங்கத்தின் வழியே எழுத்தில் கேளுங்கள், நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நோய் வந்து இழப்பீடு கேட்க நேர்ந்தால், எந்த ஆண்டு எந்த மருந்தைத் தொட்டீர்கள் என்பதைக் காட்டும் அந்தத் தாள்தான் உங்கள் பக்கம் நிற்கும்.